நாஸ்-க்கு காப்பி போட்டா 11.2 எம்பி, அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது

கல்யாணக்கேமரா · வியாழன், ராத்திரி 11:48

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் கல்யாண போட்டோ வீடியோ எடுக்குறவன் நான், கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல, யூட்யூப் பாத்து பாத்து ஒரு ராஸ்பெரி பை 4 (உள்ளங்கை சைஸ் குட்டி கம்ப்யூட்டர்) வாங்கி அதுல ஓப்பன்மீடியாவால்ட்ங்கிற நாஸ் சாஃப்ட்வேர் போட்டு 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்க மாட்டி கீழ ஹால்ல டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன், அதான் என் நாஸ், நெட்வொர்க் வழியா ஃபைல் போட்டு வைக்கிற பெட்டி. எடிட்டிங் சிஸ்டம் மாடி ரூம்ல. விண்டோஸ் 11 ஹோம். வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள பைப் விட்டு கேட்6 கேபிள் இழுத்தாச்சு, ரெண்டு பக்கமும் பாக்ஸ் வச்சு மூடியிருக்கு, வைஃபை எல்லாம் கிடையாது ஒயர்தான்.

பிரச்சனை என்னன்னா மாடிலேர்ந்து நாஸ்-க்கு எதைப் போட்டாலும் செகண்டுக்கு 11.2 எம்பி. பெரிய ஃபைல் போட்டாலும் 11.2, ராத்திரி போட்டாலும் 11.2, கோடு போட்ட மாதிரி நேரா போகுது. ஒரு கல்யாணம்னா நிச்சயம், ரிசப்ஷன், முகூர்த்தம், ரெண்டு கேமரா ஒரு ட்ரோன் எல்லாம் சேத்து 400 ஜிபி கிட்ட வரும். அது ஏற பத்து மணி நேரம் ஆகுது. போட்டுட்டு படுத்தா காலைல எந்திரிச்சு பாக்கும்போது கரண்ட் போயிருக்கும், திரும்ப முதல்லேர்ந்து. வைகாசில அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கு, கார்டை காலி பண்ணாம அடுத்த மண்டபத்துக்கு எப்படிப் போறது.

டிஸ்க் வீக்குனு கடைக்காரர் சொல்றார், 4 டிபி எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கறார். விலையைக் கேட்டதும் தண்ணி குடிச்சுட்டு வந்துட்டேன். யாராவது வழி சொல்லுங்க.


ஜம்போராஜா · வெள்ளி, காலை 7:05

ப்ரோ ஜம்போ ஃபிரேம் ஆன் பண்ணுங்க, எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அளவு) 9000 வைங்க, பிச்சுக்கிட்டு போகும். நெட்வொர்க் கார்டு செட்டிங்ஸ்லயே இருக்கு. இல்லேன்னா ரௌட்டரை மாத்திட்டு வைஃபை 6 வாங்கிடுங்க. 2.5 கிகாபிட் சுவிட்ச் இப்ப சீப்பா வருது.


பைட்டுபாண்டி · வெள்ளி, காலை 9:31

ராஜா, காய்ச்சல்னு வந்தவருக்கு கண்ணாடி மாத்தச் சொல்ற மாதிரி இருக்கு. ஜம்போ ஃபிரேமால கிடைக்கிறது 100க்கு 4, 5 தான், அதுவும் நடுவுல இருக்கிற சுவிட்ச், ரௌட்டர், பை எல்லாம் 9000-ஐ ஏத்துக்கணும். ஒண்ணு ஏத்துக்காட்டி ஷேர் தெரியும், உள்ள போனா தொங்கும், அதைத் தேடி ரெண்டு நாள் போகும். எனக்கு போயிருக்கு.

அண்ணே கல்யாணக்கேமரா, உங்க நம்பரே உங்க வியாதியச் சொல்லுது. எதையும் வாங்காதீங்க.

100 மெகாபிட் லைன்ல ஒரு பாக்கெட்டுக்கு மேல் சுத்தற உறை எல்லாம் போக நிஜமா சரக்கு ஏத்தக் கிடைக்கிறது 94.1 மெகாபிட். 8ஆல வகுத்து, விண்டோஸ் கணக்குப்படி 1024, 1024னு வகுத்தா வர்றது சரியா 11.2. கிகாபிட்டா இருந்தா அதே கணக்கு 112. டிஸ்க் வீக்கா இருந்தா கோடு இப்படி நேரா போகாது, ஏறும் இறங்கும் மூச்சு வாங்கும். கோடு போட்ட மாதிரி 11.2ல நிக்குதுன்னா நடுவுல எங்கயோ ஒரு கண்ணி 100 மெகாபிட்ல ஓடுது. எஸ்எஸ்டி இல்ல, தங்கத்துல டிஸ்க் செஞ்சு போட்டாலும் இதே 11.2தான்.

முதல்ல இத பாத்து சொல்லுங்க: மாடி சிஸ்டத்துல செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் உள்ள போனா லிங்க் ஸ்பீடுனு ஒரு வரி இருக்கும். 1000/1000ஆ 100/100ஆ? அப்புறம் பை, சிஸ்டம் ரெண்டும் எதுல சொருகியிருக்கு?


கல்யாணக்கேமரா · வெள்ளி, மதியம் 2:16

பாண்டி அண்ணே, 100/100னு இருக்கு!! ரெண்டுமே ஃபைபர் கனெக்ஷன்காரங்க குடுத்த பாக்ஸ்லதான் சொருகியிருக்கு, பின்னாடி நாலு போர்ட் இருக்கு.


பைட்டுபாண்டி · வெள்ளி, மதியம் 2:40

அந்த மாதிரி பாக்ஸ்ல நிறைய மாடல்ல நாலு போர்ட்டும் கிகாபிட் கிடையாது, ஒண்ணு மட்டும் கிகாபிட், மீதி மூணு 100. பக்கத்துல சின்னதா எழுதியிருக்கும், இல்லேன்னா ஒரு போர்ட் மட்டும் வேற கலர்ல இருக்கும். ஒரு 5 போர்ட் கிகாபிட் சுவிட்ச் யார்கிட்டயாவது கடன் வாங்குங்க. பை, மாடி ஒயர் ரெண்டையும் அதுல சொருகி, சுவிட்ச்லேர்ந்து ஒரே ஒரு ஒயர் மட்டும் பாக்ஸுக்கு விடுங்க. அப்ப லிங்க் என்ன வருதுனு பாருங்க.


கல்யாணக்கேமரா · வெள்ளி, ராத்திரி 9:52

ஆல்பம் பிரஸ்காரர்கிட்ட சுவிட்ச் வாங்கிட்டு வந்தேன். பை-ல ஓப்பன்மீடியாவால்ட் பக்கத்துல 1000னு காட்டுது. மாடி சிஸ்டம் மட்டும் இன்னும் 100தான். சுவத்து பாக்ஸ்லேர்ந்து சிஸ்டத்துக்கு வர்ற குட்டி ஒயரையும் மாத்திப் பாத்துட்டேன், அதே 100. சந்தேகத்துக்கு சிபியுவையே தூக்கிட்டு கீழ வந்து நேரா சுவிட்ச்ல சொருகுனேன் (மாடிப்படில இறங்கும்போது வீட்டம்மா பாத்த பார்வை இருக்கே), அப்ப 1000/1000 வந்துச்சு. காப்பியும் 30 எம்பிக்கு மேல போச்சு.

அப்ப சுவத்துக்குள்ள இருக்கிற கேபிள்தானா? கேட்6னுதான் பில்லுல இருக்கு, 2019ல போட்டது.


கிரிம்பிங்_கில்லாடி · வெள்ளி, ராத்திரி 10:30

வணக்கமுங்க, ஈரோட்டுலிருந்து. சிசிடிவி, நெட்வொர்க் ஒயரிங் தான் நமக்குத் தொழிலு. கேட்6னு பில்லுல இருந்தா பத்தாதுங்க, ரெண்டு முனையிலயும் எட்டு ஒயரும் உக்காந்திருக்கோணும். 100 மெகாபிட்டுக்கு நாலு ஒயர் போதும், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். கிகாபிட்டுக்கு நீலம், பிரவுனு சேத்து எட்டும் வேணும். நீலம், பிரவுன்ல ஒண்ணு அறுந்தாலும் ரெண்டு பக்கத்து சிப்பும் பேசி வெச்சுக்கிட்டு 100க்கு இறங்கிருமுங்க, எரர் எதுவும் காட்டாது, அதான் நிறைய பேருக்கு வருசக்கணக்குல தெரியறதே இல்ல.

நாளைக்கு பகல் வெளிச்சத்துல ரெண்டு பாக்ஸையும் கழட்டுங்க. உள்ள எத்தனை கலர் வருதுனு எண்ணுங்க. எலி கடிச்சிருக்கானும் பாருங்க. இழுத்துப் புடுங்காதீங்க, போட்டோ எடுத்து போடுங்க, உங்களுக்குச் சொல்லியா தரோணும்.


ஜம்போராஜா · சனி, காலை 6:58

புது கேட்8 கேபிள் இழுத்துடுங்க ப்ரோ, ஃபியூச்சர் ப்ரூஃப்.


கிரிம்பிங்_கில்லாடி · சனி, காலை 8:12

ராஜா, வீட்டுல 30 மீட்டருக்கு கேட்8 எதுக்குங்க. நல்ல கேட்5இ கேபிள்லயே கிகாபிட் 100 மீட்டர் வரைக்கும் போகுமுங்க. கேட்டகரிய விட உள்ள இருக்கிறது சுத்தச் செம்பான்னு பாருங்க. அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசின கேபிளு மார்க்கெட்ல கொட்டிக் கெடக்குது, ரோல் வெயிட்டே கம்மியா இருக்கும். கத்தியால சுரண்டுனா உள்ள வெள்ளையா தெரியும். வளைச்சா உடையும், வருசம் போகப் போக முனையில பொடிஞ்சுரும்.


கல்யாணக்கேமரா · ஞாயிறு, காலை 11:20

கழட்டிட்டேன். இப்ப சிரிக்கிறதா அழுறதானு தெரியல.

மாடி பாக்ஸ் மூடிய எடுத்தா ஒரே கேபிள்தான் வருது, ஆனா அதோட தோலை ஒரு ஜாண் நீளத்துக்கு உரிச்சு எட்டு ஒயரையும் ரெண்டா பிரிச்சிருக்காங்க. ஆரஞ்சும் பச்சையும் என் சிஸ்டம் சாக்கெட்டுக்கு போகுது. நீலமும் பிரவுனும் தனியா ஒரு ஜாக்ல கிரிம்ப் பண்ணி (டூல் வச்சு அழுத்திப் பொருத்தி), அதுல ஒரு ஜாயின்ட்டர் போட்டு, இன்சுலேஷன் டேப் நாலு சுத்து சுத்தி, அந்த ஒயர் சுவத்து ஓட்டை வழியா பால்கனிக்கு போகுது. பால்கனில என்ன இருக்கு? தெருவ பாக்குற கேமரா! கீழ ஹால் பாக்ஸ்லயும் இதே கூத்து, நீலமும் பிரவுனும் தனியா வந்து கேமரா ரெக்கார்டர் பாக்ஸுக்குள்ள போகுது.

கேமரா 2021ல தான் போட்டோம், எலக்ட்ரீசியன்ட்ட புது ஒயர் இழுக்கணுமான்னு கேட்டேன், "அதெல்லாம் வேணாம் சார் ஏற்கனவே இருக்கிறதுலயே எடுத்துட்டேன்"னு சொன்னார். எனக்கு ஒயர் காசு மிச்சம்னு அன்னிக்கு அவருக்கு டீ வாங்கிக் குடுத்தேன். நாலு வருசமா பாதி ரோட்டுல வண்டி ஓட்டிருக்கேன்.

ஒயர் செம்புதான், சுரண்டிப் பாத்தேன்.


பைட்டுபாண்டி · ஞாயிறு, காலை 11:34

ஹாஹாஹா. ஒரே வீட்டை ரெண்டா பிரிச்சு ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கார்.


கிரிம்பிங்_கில்லாடி · ஞாயிறு, மதியம் 12:05

அவரைத் திட்டாதீங்க, நாங்களும் இதைச் செஞ்சிருக்கோமுங்க. கட்டி முடிச்ச வீட்டுல அரை இஞ்சு பைப்புல இன்னொரு கேபிள் ஏறாது, சுவத்த உடைக்கவும் வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. கேமராவுக்கும் 100 தாராளம், அன்னிக்கு உங்க இன்டர்நெட்டும் 40, 50 தான் இருந்திருக்கும், ரெண்டுக்கும் குறை தெரிஞ்சிருக்காது. சொல்லாம செஞ்சதுதான் தப்பு.

இப்ப சுவத்த உடைக்க வேண்டாம். கேமராவுக்கு கரண்ட் எப்படிப் போகுது? தனி அடாப்டரா, இல்ல இதே ஒயர்லயேவா? அத மட்டும் சொல்லுங்க.


கல்யாணக்கேமரா · ஞாயிறு, மதியம் 12:11

பால்கனி பிளக்ல 12 வோல்ட் அடாப்டர் தனியா இருக்குண்ணே.


கிரிம்பிங்_கில்லாடி · ஞாயிறு, மதியம் 12:40

அப்ப சோலி சுளுவுங்க. மாடி ரூம்ல ஒரு 5 போர்ட் கிகாபிட் சுவிட்ச் வைங்க. சுவத்து கேபிளோட எட்டு ஒயரையும் ஒரே சாக்கெட்ல அடிச்சு சுவிட்சுக்கு விடுங்க. சிஸ்டத்தையும் பால்கனி கேமராவையும் அந்த சுவிட்ச்ல சொருகிடுங்க. கீழயும் எட்டும் ஒரே ஜாக்ல போட்டு ஹால் சுவிட்சுக்கு, ரெக்கார்டர் பாக்ஸையும் அதே சுவிட்சுக்கு. ரெக்கார்டர்ல கேமராவத் தேடுனு மறுபடி ஒருவாட்டி சொல்லோணும், ஐபி மாறியிருக்கும். கேமரா தின்னுறது நாலஞ்சு மெகாபிட், உங்க காப்பிக்கு அது கொசு.

கலர் வரிசை ரெண்டு முனையிலயும் இதேதான் வரோணும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடிக்கு நடுவுல நீலம் உக்காரும், அங்கதான் புதுசா கிரிம்ப் பண்றவங்க கோட்டை விடுவாங்க, பச்சைய பக்கத்து பக்கத்துல வெச்சுருவாங்க. ஜோடியோட முறுக்கல ரொம்ப பிரிக்காதீங்க, அரை இஞ்சுக்குள்ள இருக்கட்டும். ஒரு ஜாண் உரிச்சு வெச்சிருக்கிறத வெட்டிப் போட்டுட்டு புதுசா உரிங்க. கிரிம்பிங் டூல் இல்லேன்னா பக்கத்து கேபிள் டிவிக்காரர்ட்ட இருக்கும்.


கல்யாணக்கேமரா · ஞாயிறு, ராத்திரி 8:44

நாலு ஜாக் வேஸ்ட் ஆச்சு, அஞ்சாவதுல உக்காந்துச்சு. மாடில கோட்டை விட்டது நீங்க சொன்ன அதே பச்சைலதான். இப்ப 1000/1000!!! கேமராவும் வருது.

ஆனா காப்பி போட்டா 34, 35 எம்பி. 112 வரணும்னு சொன்னீங்களே பாண்டி அண்ணே. அன்னிக்கு கீழ சிபியு வச்சு பண்ணப்பவும் இதே 30 சொச்சம்தான் வந்துச்சு, அப்ப சந்தோஷத்துல கவனிக்கல.


ஸ்கார்பரோ_ராசா · ஞாயிறு, ராத்திரி 9:30

அண்ணை, நான் டொரொண்டோவில இருந்து. எனக்கும் பை 4 தான், இதே மாதிரி முப்பதுக்குள்ளதான் நிண்டது. டிஸ்க் விண்டோஸின்ர என்டிஎஃப்எஸ் ஃபோர்மட்டோ? விண்டோஸில ஃபோர்மட் பண்ணின டிஸ்க்க அப்பிடியே கொண்டுவந்து மாட்டினா லினக்ஸில பழைய என்டிஎஃப்எஸ் டிரைவர் கேர்னலுக்கு (லினக்ஸின்ர மையப் பகுதி) வெளிய ஓடும், சிபியுவை நல்லாச் சாப்பிடும். காப்பி ஓடேக்க டாப் கமாண்ட் அடிச்சுப் பாருங்கோ, மவுண்ட் என்டிஎஃப்எஸ் எண்டு ஒண்டு நூறு வீதத்துக்குக் கிட்ட நிக்குதோ எண்டு. எனக்கு அதுதான் பிரச்சினை. டேட்டாவ வேற இடத்தில எடுத்து வைச்சிட்டு லினக்ஸின்ர இஎக்ஸ்டி4 ஃபோர்மட் ஆக்கின உடனை மூண்டு மடங்கு ஏறினது. லினக்ஸ் 5.15இல இருந்து கேர்னலுக்குள்ளயே ஒரு புது என்டிஎஃப்எஸ் டிரைவர் இருக்கு, ஆனா எப்பவும் நாஸிலயே நிக்கிற டிஸ்க்குக்கு இஎக்ஸ்டி4 தான் என்ர விருப்பம்.


கல்யாணக்கேமரா · ஞாயிறு, ராத்திரி 9:41

ராசா அண்ணே நன்றி, ஆனா ஆரம்பத்துலயே இஎக்ஸ்டி4 தான் பண்ணேன், வீடியோல அப்படித்தான் சொன்னாங்க. டாப்-ல சிபியு 15, 20தான் காட்டுது, தூங்கிக்கிட்டு இருக்கு.


பைட்டுபாண்டி · ஞாயிறு, ராத்திரி 10:15

சரி, இனி ஊகம் வேண்டாம், வழியை ரெண்டா வெட்டுவோம். ஒயர் தனி, டிஸ்க் தனி. காப்பி பண்ணிப் பாக்கிறது ரெண்டையும் ஒண்ணா அளக்குது, அதான் குழப்பம்.

ஒயருக்கு ஐபெர்ஃப்3, நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்குற புரோகிராம். பை-ல இன்ஸ்டால் பண்ணி சர்வர் மோட்ல ஓட விடுங்க, மாடில விண்டோஸ்ல அதே ஐபெர்ஃப்3 கிளையன்ட் மோட்ல பை-யோட ஐபி குடுத்து ஓட்டுங்க. டிஸ்க்கைத் தொடவே தொடாது, வெறும் ராம் டு ராம். 930, 940 மெகாபிட் வந்தா ஒயர் சுத்தம்.

டிஸ்க்குக்கு லினக்ஸ்ல இருக்கிற டிடி கமாண்ட். பை உள்ளயே ஷேர் ஃபோல்டர்ல 4 ஜிபி டம்மி ஃபைல் எழுதுங்க, கடைசில கன்வ்-ஈக்வல்-எஃப்டேட்டாசிங்க் சேக்க மறந்துடாதீங்க, இல்லேன்னா ராம்ல வாங்கி வச்சுக்கிட்டு எழுதி முடிச்சாச்சுனு பொய் சொல்லும். டிடில அவுட்புட்டுக்கு ஃபைல் பேருக்குப் பதிலா டிஸ்க் பேரையே அடிச்சுராதீங்க, டிஸ்க் காலியாயிடும். அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிங்க.


கல்யாணக்கேமரா · திங்கள், காலை 7:20

ஐபெர்ஃப் 941. டிடி செகண்டுக்கு 36 எம்பி.

டிஸ்க்தானா அப்ப? கடைக்காரர் சொன்னது சரிதானா 😩


பைட்டுபாண்டி · திங்கள், காலை 7:33

941 தான் கிகாபிட்டோட கூரை, இதுக்கு மேல ஒயர்ல ஒரு சொட்டு கிடைக்காது. கில்லாடி கைவண்ணம்.

36ங்கிறதும் பேசுற நம்பர்தான். யூஎஸ்பி 2 பேப்பர்ல 480 மெகாபிட், கைக்கு வர்றது 30லேர்ந்து 40 எம்பி. அண்ணே, டிஸ்க் எந்த கலர் ஓட்டைல சொருகியிருக்கு?


கல்யாணக்கேமரா · திங்கள், காலை 7:36

கருப்பு


பைட்டுபாண்டி · திங்கள், காலை 7:36

🙏


கல்யாணக்கேமரா · திங்கள், காலை 7:51

நீலத்துல ஒயர்லெஸ் கீபோர்டோட குட்டி டாங்கிளும் ஒரு பென்டிரைவும் மாட்டியிருந்தேன். கலருக்கு அர்த்தம் இருக்குனு யாரு கண்டா, அழகுக்கு வச்சிருக்கான்னு நெனச்சேன்.


அப்டேட்_அகிலா · திங்கள், காலை 10:02

நீலம் யூஎஸ்பி 3, கருப்பு யூஎஸ்பி 2னு கலர் மட்டும் நம்பாதீங்க, எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட்ல மைனஸ் டி போட்டா மரம் மாதிரி காட்டும், டிஸ்க் பக்கத்துல 5000எம் இருக்கணும். 480எம்னு இருந்தா இன்னும் யூஎஸ்பி 2லதான் ஓடுது, சில சமயம் பழைய கேபிளாலகூட அப்படி ஆகும். கீபோர்டு டாங்கிளை கருப்புக்கு மாத்தி கொஞ்சம் தள்ளி வைங்க. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், பக்கத்துலயே டாங்கிள் இருந்தா எழுத்து விட்டு விட்டு வரும்.

நடுவுல என் கேள்வி, தனி இழை வேண்டாம்னு இங்கயே கேக்குறேன். எனக்கும் பை 4, எஸ்எஸ்டி, எல்லாம் நீல ஓட்டை, ஐபெர்ஃப் 940. 100க்கு மேல வந்துக்கிட்டு இருந்தது, லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 அப்டேட்டுக்கு போனதுலேர்ந்து 60 தாண்டல. அண்ணன் வீட்டு ஹோம் எடிஷன் லேப்டாப்ல இதே நாஸ் இன்னும் 110. காப்பி ஓடும்போது பை-ல எஸ்எம்பிடி (ஃபைல் ஷேர் பண்ற புரோகிராம்) ஒரு கோர் முழுசையும் பிடிச்சுக்குது.


பைட்டுபாண்டி · திங்கள், மதியம் 1:10

அகிலா, நீங்களே பாதி விடையை சொல்லிட்டீங்க. 24எச்2ல ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷனுக்கு எஸ்எம்பி சைனிங் (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கு முத்திரை) கட்டாயம்னு வந்தது, ஹோம்ல கட்டாயம் இல்ல. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முத்திரை குத்தணும், எதிர்பக்கம் முத்திரையைச் சரிபாக்கணும். முத்திரைக்கு ஏஇஎஸ்ங்கிற என்க்ரிப்ஷன் கணக்கு வேணும், அதை வேகமா போடுற தனி இன்ஸ்ட்ரக்ஷன் பை 4 சிப்ல இல்ல, பை 5லதான் வந்தது. அதான் அந்த ஒரு கோர் அழுவுது.

பவர்ஷெல்ல எஸ்எம்பி கிளையன்ட் கான்ஃபிகரேஷன்ல ரிக்வயர் செக்யூரிட்டி சிக்னேச்சரை ஃபால்ஸ் ஆக்கினா பழைய வேகம் வரும். ஆனா அது உங்க லேப்டாப் போற எல்லா நெட்வொர்க்குக்கும் சேத்துதான். நடுவுல யாரும் புகுந்து மாத்தக் கூடாதுன்னுதான் இந்த முத்திரையே.


அப்டேட்_அகிலா · திங்கள், மதியம் 1:42

இந்த லேப்டாப் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன், காபி கடைனு ஊர் சுத்துது. அப்ப 60ஓட இருந்துக்கறேன். காரணம் தெரிஞ்சதே போதும், ஒரு வாரமா எஸ்எஸ்டியைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.


கல்யாணக்கேமரா · செவ்வாய், ராத்திரி 12:35

நீல ஓட்டைக்கு மாத்தியாச்சு. 5000எம் காட்டுது. காப்பி 108, 110!!! பாத்துட்டு வீட்டம்மாவ எழுப்பிக் காட்டுனேன், ம்ம்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டாங்க.

ஆனா இன்னொண்ணு. 400 ஜிபிய போட்டு விட்டா முதல் இருபது இருபத்தஞ்சு நிமிசம் 110. அப்புறம் திடீர்னு 20க்கு விழுது, அஞ்சுக்கு போகுது, சில நேரம் பூஜ்யத்துல நின்னுட்டு திரும்ப 40க்கு எகிறுது. இப்பதான் நீங்க சொன்ன மூச்சு வாங்குறது தெரியுது. ஐபெர்ஃப் அந்த நேரத்துலயும் 941 காட்டுது. சூடாயிடுச்சோனு டேபிள் ஃபேன் வச்சேன், ஒண்ணும் மாறல.


பைட்டுபாண்டி · செவ்வாய், காலை 9:15

இப்பதான் நிஜமாவே டிஸ்க். அதுவும் கெட்டுப் போன டிஸ்க் இல்ல, இதோட ஜாதியே இப்படி. இப்ப வர்ற 2.5 இஞ்சு 4 டிபி போர்ட்டபிள் டிஸ்க்ல பெரும்பாலும் எஸ்எம்ஆர் தொழில்நுட்பம்.

உங்க ஊர்ப் பக்கம் பழைய வீடுகள்ல நாட்டு ஓடு பாத்திருப்பீங்க. ஒரு வரிசை மேல அடுத்த வரிசை பாதி ஏறி உக்காந்திருக்கும். அதே இடத்துல அதிக ஓடு அடுக்கலாம், ஆனா நடுவுல ஒரு ஓடு உடைஞ்சா அத மட்டும் உருவ முடியாது, மேல ஏறி நிக்கிறதையெல்லாம் எடுத்துட்டு மாத்திட்டு திரும்ப அடுக்கணும். எஸ்எம்ஆர் டிஸ்க்ல டிராக் எல்லாம் அப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கு. ஒரு இடத்துல திருத்தி எழுதணும்னா அந்தப் பட்டையையே படிச்சு திரும்ப எழுதணும். இத மறைக்க, மேலேறாத சாதா டிராக்கா கொஞ்சம் இடம் ஒதுக்கி, வர்றத எல்லாம் முதல்ல அங்க வாங்கி வச்சுக்கும், அதான் உங்க முதல் இருபது நிமிச 110. அது ரொம்பினதும் இறக்கி வைக்கவும் வாங்கவும் ஒரே கை, மண்டப வாசல்ல ஒரே ஆளு சந்தனமும் குடுத்து செருப்பும் பாத்துக்கிற மாதிரி.

காப்பி முடிஞ்ச பிறகும் டிஸ்க்ல கிறுக் கிறுக்னு சத்தம் கேக்கும், அப்ப ஆஃப் பண்ணிடாதீங்க, ஓடு அடுக்கிக்கிட்டு இருக்கு. காலி இடம் குறையக் குறைய இன்னும் மோசமாகும்.

2020ல நாஸ்-க்குனே விக்கிற டிஸ்க் சிலதுலயும் சொல்லாம எஸ்எம்ஆர் போட்டிருக்காங்கனு வெளிய வந்து பெரிய சண்டையாச்சு, அப்புறம்தான் எந்த மாடல் எதுனு கம்பெனிகள் பட்டியல் போட்டாங்க. வாங்குறதுக்கு முன்னாடி மாடல் நம்பர் வச்சு அதப் பாருங்க. உங்களுக்கு வேணும்னா சிஎம்ஆர்னு (டிராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத வகை) போட்ட 3.5 இஞ்சு டிஸ்க், அத சொருகி வைக்க தனி 12 வோல்ட் அடாப்டரோட வர்ற டாக். பை 4ல யூஎஸ்பி நாலு ஓட்டைக்கும் சேத்து 1.2 ஆம்பியர்தான், பெரிய டிஸ்க்க அதுலேர்ந்து இழுக்க நெனைக்காதீங்க.


ஜம்போராஜா · செவ்வாய், காலை 9:40

ரெண்டு டிஸ்க் வாங்கி ரெய்டு போடுங்க ப்ரோ, ரெண்டுலயும் ஒரே சமயத்துல எழுதும் 🔥


பைட்டுபாண்டி · செவ்வாய், காலை 9:44

ராஜா, ரெய்டு தப்பா அழிச்ச ஃபைலைத் திருப்பித் தராது. ரெண்டாவது டிஸ்க் வாங்கினா அத வாரம் ஒருக்கா காப்பி எடுத்து மாமியார் வீட்டுல வைக்கச் சொல்லுங்க.


கல்யாணக்கேமரா · புதன், காலை 6:10

பழைய டிஸ்க்க இப்போதைக்கு அப்படியே வச்சுக்கிட்டு, மண்டபத்துலேர்ந்து வந்ததும் ஒரு கார்டு, சாப்பிட்டு ஒரு கார்டு, தூங்கப் போகும்போது ஒரு கார்டுனு பிரிச்சுப் போடுறேன். நடுவுல அதுக்கு ஓடு அடுக்க நேரம் கிடைக்குது, எல்லாமே 100க்கு மேலதான் போகுது. ஆடில வேலை கம்மி, அப்ப சிஎம்ஆர் வாங்கிக்கறேன்.

ஒரு சின்ன டவுட். வீடியோ பறக்குது, ஆனா எடிட்டிங் சாஃப்ட்வேரோட பிரிவியூ ஃபோல்டர் 6 ஜிபிதான், அது ஒரு மணி நேரம் ஆகுது.


அப்டேட்_அகிலா · புதன், காலை 8:25

அதுல பத்தாயிரக்கணக்குல குட்டி ஃபைல் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் திற, பேர் எழுது, எழுது, மூடுனு நாஸ்-கிட்ட போயிட்டு போயிட்டு வரணும், ஒயர் வேகம் அங்க உதவாது. பிரிவியூ தானா திரும்ப உருவாகிக்கும், அத காப்பி பண்ணவே வேண்டாம். பண்ணியே ஆகணும்னா சுருக்காம ஒரே ஜிப்பா கட்டிட்டு போடுங்க. இல்லேன்னா விண்டோஸோட ரோபோகாப்பி கமாண்ட்ல எம்டி 16 குடுங்க, ஒரே நேரத்துல பதினாறு ஃபைல் போகும்.


ஸ்கார்பரோ_ராசா · புதன், காலை 9:02

அண்ணை, அந்தப் பால்கனிக் கமராவுக்கு என்ன நடந்தது? இப்ப வடிவா வருதோ?


கல்யாணக்கேமரா · புதன், ராத்திரி 10:18

முன்ன விட பளிச்சுனு வருது ராசா அண்ணே, அந்த டேப் ஜாயின்ட் போனதே பெரிய விசயம், மழை வந்தா விட்டு விட்டு வரும், நாங்க கேமராதான் பழசாயிடுச்சுனு நெனச்சோம். எலக்ட்ரீசியனை இன்னிக்கு டீக்கடைல பாத்தேன், கதைய சொன்னதும் அவரே சிரிச்சுட்டு டீக்கு காசு குடுத்தார், நாலு வருச பாக்கி நேராயிடுச்சு. மாடி சுவிட்ச் லைட்டுதான் ராத்திரி பூரா பச்சையா சிமிட்டிக்கிட்டே இருக்கு, பையன் பயப்படுறான், அந்த மிச்ச இன்சுலேஷன் டேப்ப எடுத்து அது மேல ஒட்டியாச்சு.